ஆண் ஈக்களை யாரும் பார்க்கவில்லை

நவம்பர் 11, திங்கள்

மறுபடியும் எட்டு முட்டை. ஒரு பெண் ஈ ஒரு நாளில் ஐம்பது அறுபது இட வேண்டிய இடத்தில் எட்டு. இருபது புட்டிகளையும் இரண்டு தடவை எண்ணினேன். ஜூனியர் ஜெசிந்தா தனியாக ஒரு தடவை எண்ணினாள். அவளுக்கும் அதேதான் வந்தது.

பெருமாள் சாரிடம் தாளைக் கொண்டுபோய் வைத்தேன். அவர்தான் எனக்கு வழிகாட்டி, துறைத் தலைவரும் அவரே. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைப் பார்க்காமலே சொன்னார்: "ஃபீமேல்ஸ் சரியில்லம்மா. நீங்க லேட்டா கலெக்ட் பண்றீங்க. தப்பு அங்கதான்."

லேட்டாம்! கூட்டை விட்டு வெளியே வந்த எட்டு மணி நேரத்துக்குள் பெண் ஈக்களைப் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கூட இருக்கும் ஆண்கள் சும்மா விடமாட்டா. அதற்காகத்தான் நான் காலை ஆறரைக்குப் பாளையங்கோட்டையில் பஸ் பிடிக்கிறேன். மாலையில் மறுபடி ஒரு தடவை பிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன். ஞாயிறு கிடையாது, தீபாவளி கிடையாது. நான்கு வருடமாக இதையே செய்துகொண்டிருப்பவளிடம் லேட்டு என்கிறார்.

இன்றிலிருந்து இந்த நோட்டு. கோபத்தை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். ஆய்வுக் குறிப்பேட்டில் எழுத முடியாது, வாரம் ஒருமுறை அதில் அவர் கையெழுத்துப் போடுவார்.

நவம்பர் 12, செவ்வாய்

நாளைக்கு நானே எடுத்துப் படித்தாலும் புரியட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

ஆண் பழ ஈயின் விந்து நீரில் உயிரணு மட்டும் இல்லை. சில பெப்டைடுகளும் இருக்கின்றன, குட்டிக் குட்டிப் புரதத் துண்டுகள். அவை பெண்ணின் உடம்புக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் சினைப்பை முட்டைகளை மளமளவென்று இறக்குகிறது. அவை வராவிட்டால் முட்டை முற்றித் தயாராகி உள்ளேயே உட்கார்ந்திருக்கும். என் ஆய்வுக்கு இரண்டு வகை ஆண்கள். ஒன்று சாதாரண ஆண், அந்தப் புட்டியில் 'நார்மல்' என்று எழுதியிருக்கும். மற்றது அந்தப் பெப்டைடுகள் இல்லாமலே பிறக்கிற வகை, அதில் 'குறை' என்று எழுதியிருக்கும். குறை ஆணோடு சேர்ந்த பெண் ஏழெட்டு முட்டை இட வேண்டும், நார்மல் ஆணோடு சேர்ந்தவள் ஐம்பதுக்கு மேல் இட வேண்டும். போன வருடம் முழுக்க அப்படித்தான் வந்தது. ஒரு மாதமாக இரண்டிலும் எட்டு.

ஜனவரியில் ஆய்வுச் சுருக்கம் கொடுக்க வேண்டும். இந்த எட்டை வைத்துக்கொண்டு என்னத்தைக் கொடுப்பது?

நவம்பர் 14, வியாழன்

ஆஸ்பத்திரி. ஸ்கேன். இது என் முட்டை, பதினாறு மில்லிமீட்டர். சனிக்கிழமை ஊசி என்றார்கள். மாலை ஈக்களுக்குச் சாப்பாடு காய்ச்சினேன். ரவை, வெல்லம், ஈஸ்ட், கடல்பாசி. அடிப்பிடித்துவிட்டது, மறுபடி காய்ச்சினேன்.

நவம்பர் 16, சனி

வயிற்றில் ஊசி, முட்டை வெடித்து இறங்குவதற்கு. எறும்பு கடித்த மாதிரி, அவ்வளவுதான். எத்தனையாவது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். கல்யாணமாகி ஆறு வருடம், அதில் மூன்று வருடமாக இது நடக்கிறது. இவர் வாசலில் பைக்கிலேயே உட்கார்ந்திருந்தார். மருந்து வாடை இவருக்கு ஒத்துக்கொள்ளாது.

நவம்பர் 20, புதன்

சார் இன்று ஒரு பட்டியலே போட்டார். பெண் ஈக்களின் சாப்பாட்டை மாற்று. வெப்பத்தை ஒரு டிகிரி குறை. அதிலும் வராவிட்டால் பெங்களூரிலிருந்து புதுப் பெண் ஈக்களை வரவழை.

"சார், ஆண் ஈக்களை ஒரு தடவை பார்த்துருவோமா?" என்று கேட்டேன்.

"மேல்ஸ்ல என்னம்மா இருக்கு பார்க்க? நல்லா பறக்குது, நல்லா மேட் பண்ணுது. நீங்களே கண்ணால பார்த்து எழுதிருக்கீங்க, இருபத்திரண்டு நிமிஷம், பத்தொன்பது நிமிஷம்னு. அப்புறம் அதுல என்ன கோளாறு இருக்க முடியும்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. சேர்வது வேறு, உள்ளே என்ன போய்ச் சேருகிறது என்பது வேறு. குறை ஆண்களும் இருபது நிமிடம்தான் சேருகின்றன! இதைத்தானே நான்கு வருடமாகச் சார் மேற்பார்வையில் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்? இதைப் பற்றி வெளிநாட்டுக் கருத்தரங்கில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்த மனிதர், சொந்த லேபில் ஆண் என்றால் அப்பழுக்கில்லாதவன் என்கிறார்.

"சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

நவம்பர் 24, ஞாயிறு

ஓரகத்திக்கு, இவர் அண்ணன் மனைவிக்கு, வளைகாப்பு. எனக்கு அடுக்களை வேலை. ஐந்து வகைச் சாதமும் நான்தான் கிளறினேன். வளையல் போடுகிற நேரம் பார்த்து அத்தை உள்ளே வந்து, "நீ அந்த அப்பளத்தப் பொரிச்சிரு தாயி" என்றார். பொரித்தேன். நூற்றிருபது அப்பளம். எதையும் எண்ணுகிற பழக்கம் ஈக்களால் வந்தது.

இவர் வாசலில் நின்று சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். "பிரமநாயகம், ஒங்களுக்கு எப்பப்பா?" என்று யாரோ கேட்டார்கள். இவர் அடுக்களைப் பக்கம் கையைக் காட்டி, "அவளுக்கு டிரீட்மெண்ட் போயிக்கிட்டிருக்கு" என்றார்.

பாவம், இவரும் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வார்? எண்ணெய் தெறித்துக் கட்டைவிரலில் கொப்புளம். நாளைக்கு ஈக்களைப் பிரிக்கப் பிரஷ் பிடிக்க முடியுமா என்று தெரியவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

வந்துவிட்டது. அத்தை என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "இந்தத் தடவையுமா?" என்று கேட்டுவிட்டுச் சாமி விளக்கின் திரியைத் தூண்டப் போனார்.

டாக்டரம்மா போனில், இனி ஊசியால் பயனில்லை, வயிற்றில் துளை போட்டு லேப்ராஸ்கோபியில் உள்ளே பார்த்துவிடலாம் என்றார். டிசம்பர் 18. ஸ்கேன், கருக்குழாய் டெஸ்ட், இரத்தம், தைராய்டு எல்லாம் எனக்குச் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் உள்ளே பார்க்க வேண்டுமாம். இவருக்கு நார்மல், அது முதலிலேயே பார்த்தாயிற்று. அதனால் என்னைத்தான் பார்க்க வேண்டும். சரி.

டிசம்பர் 3, செவ்வாய்

பெங்களூர்ப் பெண்கள் வந்து, பிரித்து, சேர்த்து, எண்ணி முடித்தாயிற்று. ஒன்பது.

சார் ஜெசிந்தாவைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கத்தினார். "கன்னி ஈக்கும் கன்னி இல்லாத ஈக்கும் வித்தியாசம் தெரியாம எதுக்கு இங்க வாரீங்க?" அந்தப் பிள்ளை வாஷ்பேசின் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். வயிற்றில் கரும்புள்ளி இருக்கிறதா, உடம்பு வெளிறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்தவள் அவள். நான் கூடவே இருந்தேன். மூன்று தலைமுறைப் பெண் ஈக்கள், இரண்டு பெண்கள், எல்லாரும் தப்பு. புட்டியில் உட்கார்ந்து கால் தேய்த்துக்கொண்டிருக்கிற ஆண்கள் மட்டும் சரி.

டிசம்பர் 5, வியாழன்

பல்கலைக்கழக வாசலில் ஜூஸ் கடை. அழுகின வாழைப்பழத் தோலுக்கு மேல் எப்போதும் ஒரு மேகம். கடைக்கார அண்ணாச்சியிடம், "கொஞ்சம் ஈ பிடிச்சுக்கிடலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமா பிடிச்சுக்கோங்க. பூராவும் கொண்டு போனாலும் சந்தோசம்தான்" என்றார்.

துணி வலையில் பிடித்து, ஈதர் காட்டி மயக்கி, மைக்ராஸ்கோப்பில் பொறுக்கினோம். பாதிக்கு மேல் வேறு இனம். எங்கள் இனத்தில் ஆண்கள் இருபத்தாறு தேறின. பின்பக்கம் கறுப்பு, முன்னங்காலில் சீப்பு மாதிரி முள், அதுதான் ஆணுக்கு அடையாளம். எந்தப் பெண்களை சார் சரியில்லை என்றாரோ, அதே கூட்டத்துக் கன்னிகளோடு அவற்றைப் போட்டோம். சாரிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 7, சனி

61. 58. 70. 66. 53. 64.

ஜெசிந்தா பாதியில் எண்ணுவதை நிறுத்திவிட்டு என் தோளில் அடித்தாள். "அக்கா, நம்ம பொண்ணுங்க நல்லா இருக்காளுவ!"

டிசம்பர் 9, திங்கள்

காலையில் ஜெசிந்தா மூஞ்சி வீங்கி வந்து நின்றாள். நேற்று முழுக்க யோசித்தாளாம். ஆயுத பூஜைக்கு, நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில், லேபைக் கழுவியபோது, புட்டிகளுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும் என்று சார் எல்லாவற்றையும் துடைக்கச் சொல்லியிருக்கிறார். இவள் ஸ்பிரிட்டில் துடைத்திருக்கிறாள். மார்க்கர் எழுத்து மொத்தமும் போய்விட்டது. பயந்துபோய்ச் சாரிடம் சொல்லியிருக்கிறாள். "அதனால என்ன, எனக்குத் தெரியாததா?" என்று அவரே மார்க்கரை வாங்கி, மேல் தட்டு நார்மல், கீழ்த் தட்டு குறை என்று எழுதித் தந்துவிட்டாராம். துடைப்பதற்கு இறக்கி வைத்தவர்கள் எந்தத் தட்டில் எதைத் திருப்பி அடுக்கினார்கள் என்று யாருக்குத் தெரியும்? நார்மல் என்று எழுதியிருந்த பத்துப் புட்டியும் குறை வகைதான். நிஜ நார்மல் கீழ்த் தட்டுக்குப் போய்க் 'குறை' ஆகிவிட்டது, குறை கூடுதலாக இருக்கிறது என்று அதை அந்த வாரமே கொட்டிவிட்டார்கள்.

சாரிடம் போனோம். எண்களைக் காட்டினேன், லேபிள் விஷயத்தையும் சொன்னேன். மேசைமேல் இருந்த பேனாவை உருட்டினார்.

"சரி, நடக்கறதுதான். பெங்களூருக்கு எழுதி மேல்ஸ் வாங்கிக்கோங்க. இதை வெளிய பெருசு பண்ண வேண்டாம்."

"சார், ஜெசிந்தாவைத் திட்டினீங்களே?"

"திட்டினா என்னம்மா? கத்துக்கிறதுக்குத்தானே."

ஒரு வார்த்தை. 'தப்பு என் மேல்' என்று ஒரு வார்த்தை சொன்னால் நாக்கு வெந்துவிடுமா? பெண் ஈக்களைத் திட்டியபோது குரல் தாழ்வாரம் வரை கேட்டது. ஆண் ஈக்கள் என்று தெரிந்ததும் பெருசு பண்ண வேண்டாமாம்!

என் மேலும் எனக்குக் கோபம்தான். இரண்டு மாதமாக அந்தப் புட்டிகளைக் கையால் தொட்டுக்கொண்டிருந்தவள் நான். எழுதியிருந்ததை நம்பினேனே தவிர, உள்ளே இருந்ததைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

இவருக்கு நார்மல்.

யார் பார்த்தது?

டிசம்பர் 12, வியாழன்

ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். ஆபரேஷனுக்கு முன் இரத்தம் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னேன், அது உண்மைதான். ஃபைலைக் கேட்டு வாங்கிப் பெஞ்சில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். என் பங்கு நாற்பத்தாறு தாள். ஊசி மட்டும் பத்தொன்பது. கணவர் என்ற கட்டத்தில் ஒரே ஒரு வரி: 'நார்மல் எனக் கணவர் தெரிவித்தார்.' தாள் எதுவும் இல்லை.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். "வெளிய எடுத்தாச்சு, கொண்டு வந்து தாரேன்னு சொன்னாரேம்மா. தரலையா?" என்றார். மூன்று வருடத்தில் இரண்டாவது தடவை கேட்க டாக்டரம்மாவுக்கும் தோன்றவில்லை. என்னிடம் மட்டும் எத்தனை கேள்வி! மாதவிடாய் எத்தனை நாள், நிறம் என்ன, பதின்மூன்று வயதில் என்ன சாப்பிட்டாய் வரைக்கும் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

ஆராய்ச்சி செய்கிறவள் நான். ஒரு எண்ணை மூன்று தடவை எண்ணாமல் எழுதமாட்டேன். வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். விளக்குகளை ஏற்றி வைத்துவிட்டுக் கேட்டேன்.

"ஒங்க ரிப்போர்ட்ட ஒரு தடவை பாக்கணுமே."

"எந்த ரிப்போர்ட்?"

"நார்மல்னு சொன்னீங்கள்லா, அது."

"அது எங்கயோ கெடக்கு. வீடு மாறும்போது போயிருக்கும்."

"எந்த லேப்னு சொல்லுங்க. நான் போயி நகல் வாங்கிக்கிடுதேன்."

அவர் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப என்ன செம்பா, என்ன நம்பலியா? எங்க வம்சத்துல யாருக்காவது இந்தக் கொறை உண்டா? அண்ணனுக்குப் பிள்ள பொறக்கப்போகுது."

அண்ணனை யார் கேட்டது? ஆனால் குரலை உயர்த்தவில்லை. அத்தை கூடத்தில் பொரி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். கை நின்றிருந்தது.

டிசம்பர் 15, ஞாயிறு

பேசவில்லை. அவரும் பேசவில்லை. காலையில் எண்பத்து நான்கு கன்னிகள், மாலையில் ஐம்பத்தொன்று.

டிசம்பர் 18, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு அட்மிஷன். வெறும் வயிறு. பச்சை அங்கி மாட்டி, கையில் பெயர்ப்பட்டை கட்டி, கட்டிலில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் அத்தை, திருநீற்றுப் பொட்டலத்தோடு. ஜன்னல் பக்கம் இவர். நர்ஸ் சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்து பேனாவையும் நீட்டினார்.

"இவரோட டெஸ்ட் முடிஞ்ச பெறகு கையெழுத்துப் போடுதேன்" என்றேன்.

நர்ஸ் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார். "இது என்னம்மா கடைசி நேரத்துல?" என்றார் அவர்.

"வயித்துல மூணு துளை போடப் போறீங்க மேடம். அதுக்கு முன்னால ஒரு டெஸ்ட் பாக்கலாம்லா? அதுக்கு மயக்க மருந்துகூட வேண்டாமே."

அவர் என்னையும் ஃபைலையும் பார்த்தார். பிறகு, "நியாயந்தான். லேப் கீழயேதான் இருக்கு, ஒரு மணி நேரத்துல தெரிஞ்சிரும்" என்று நர்ஸுக்குச் சைகை காட்டினார். நர்ஸ் மூடி போட்ட ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தார்.

இவர் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். போகவில்லை. மூடியைத் திருகினார், மறுபடி மூடினார். எனக்கு அந்த நேரத்திலும் பரிதாபமாகத்தான் இருந்தது. கூச்சப்படுகிறார், நாமே வெளியே வைத்துக் கேட்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

"வேண்டாம்" என்றார் இவர். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"மூணு வருசத்துக்கு முன்னாலயே மதுரையில போயி எடுத்தேன். உயிரணு ஒண்ணுகூட இல்லன்னுட்டாங்க."

அத்தைதான் முதலில் பேசினார். குரலைத் தாழ்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு, மகனிடம்: "ஏல, அத இங்க வச்சா சொல்லுவ?"

என்ன சொல்கிறாய் என்று அத்தை கேட்கவில்லை. இங்கே வைத்தா என்றுதான் கேட்டார்.

நான் பெயர்ப்பட்டையைப் பல்லால் கடித்து அறுத்தேன். குளியலறைக்குப் போய் அங்கியைக் கழற்றி, சேலையைக் கட்டிக்கொண்டு வந்தேன். அங்கியை நர்ஸிடம் கொடுத்தபோது அவர் என் கையை ஒரு நொடி பிடித்துவிட்டு விட்டார். வாசலில் பஸ் நின்றது. ஏறிவிட்டேன். நேற்றிரவிலிருந்து சாப்பிடவில்லை என்பது பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது.

டிசம்பர் 19, வியாழன்

ஜெசிந்தாவின் விடுதி அறை. பதினான்கு தடவை போன். எடுக்கவில்லை.

என்னிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வைத்தியம் இருந்தால் பார்ப்போம், இல்லாவிட்டால் ஒரு பிள்ளையைத் தத்தெடுப்போம், அதுவும் வேண்டாமென்றால் இரண்டு பேருமாக இருப்போம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆறு வருடத்தில் என்னைப் பற்றி இவ்வளவுகூடத் தெரியாதா? உயிரணு இல்லாதது அவர் குற்றமில்லை. தெரிந்த பிறகும் ஒவ்வொரு மாதமும் என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டுபோய் ஊசிக்கு விட்டாரே, அது குற்றம். எனக்கு வலித்ததா என்று வீட்டுக்கு வந்து கேட்பாரே! அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. எறும்பு கடித்த மாதிரி என்று நான் எழுதியது பொய். ஒவ்வொன்றும் வலித்தது.

டிசம்பர் 21, சனி

பதினொரு மணிக்கு லேப் வாசலில் வந்து நின்றார். இரண்டு நாள் தாடி. தாழ்வாரத்துக்கு வந்தேன்.

"அம்மா சாப்பிட மாட்டேங்கா. வீட்டுக்கு வா செம்பா."

"ஊர்ல என்ன சொல்லியிருக்கீங்க?"

"ஆபரேஷனத் தள்ளிப் போட்டாச்சுன்னு."

"யாருக்கு ஆபரேஷன்?"

அவர் தரையைப் பார்த்தார். பிறகு, ரொம்ப நியாயமான ஒன்றைச் சொல்கிறவர் மாதிரி, மெதுவாகச் சொன்னார்: "அது ஒன் பேர்லயே இருந்துட்டுப் போட்டுமே. பொம்பளைக்கின்னா பாவம்னு சொல்லிட்டு விட்டுருவாக. எனக்குன்னா ஊரே சிரிக்கும். காலேஜ்ல நான் பாடம் எடுக்குற பயலுவளுக்கு முன்னால எப்படிப் போயி நிக்க?"

இத்தனை வருடத்தில் அவர்மேல் எனக்கு வந்த கோபம் எல்லாம் சேர்ந்தாலும் இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது. என் பேரிலேயே இருக்கட்டுமாம்! எங்கள் அப்பா இரண்டு தடவை பாதயாத்திரையாகத் திருச்செந்தூர் போனார், மகளுக்குக் குறை தீரட்டும் என்று. அம்மா என் சார்பில் எத்தனை பேரிடம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அதெல்லாம் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமாம்.

"போன் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"ஒங்க அண்ணனுக்குப் போடுங்க. ஸ்பீக்கர்ல. நீங்களே சொல்லுங்க, என் வாயால நான் சொல்லமாட்டேன். அதுக்குப் பெறகு எங்க அப்பாவுக்கு."

"செம்பா, இது பல்கலைக்கழகம். யாராவது கேப்பாக."

"கேக்கட்டும். எனக்கு வளைகாப்புல அப்பளம் பொரிக்கச் சொன்னப்ப எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாக."

உள்ளே கன்னிகளைப் பிரிக்கிற நேரம் தப்பிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா கதவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, தானே பிரஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெருமாள் சார் கையில் டீயோடு வந்தார், எங்கள் இருவரையும் பார்த்தார், வந்த வழியே திரும்பிப் போனார். நான் அசையவில்லை. போடாவிட்டால் வீட்டுக்கு வரமாட்டேன் என்று மிரட்டவில்லை, போட்டால் வருவேன் என்று வாக்கும் கொடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெகு நேரம் கழித்துச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். போட்டார். ஸ்பீக்கர் பொத்தானையும் அவரே அழுத்தினார்.

இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார் அண்ணன்.

"ஆங், சொல்லு தம்பி" என்றது தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.